கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும்... உங்களுக்குத் தெரியுமா?

பத்துக் கோடி ரூபாவை ஒரு கடித உறைக்குள் போடலாம், தெரியுமா? போட்டிருக்கிறார்கள்! 2019 ஏப்ரல் 3 ஆம் திகதி, இந்தியாவின் பாட்னா நகரில், ஐக்கிய ஜனதா தளக் கட்சியின் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துத் தாள்கள். தாளுக்கு ஒரு கோடி இந்திய ரூபா! யார் கொடுத்தது? தெரியாதாம். விசாரித்துப் பார்த்தார்களா? அதுவும் இல்லையாம். இது நான் கட்டிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்சியே இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு எழுத்தில் கொடுத்த விளக்கம். ஏப்ரல் 10 இல் அந்தப் பணம் கட்சியின் வங்கிக் கணக்கில் சேர்ந்தாயிற்று.

எங்கள் கண்டி மஹய்யாவப் பக்கம் கோவில் திருவிழாவுக்கு நூறு ரூபா கொடுத்தாலும் பற்றுச்சீட்டில் பெயர் எழுதுவார்கள், ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ரியூப் லைட் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் லைட் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு நாட்டை ஆளப் போகிற கட்சிக்குக் கோடி கோடியாகக் கொடுப்பவர்கள் மட்டும் ஏன் இத்தனை அடக்கம்?

சரி, அந்தத் தாள்தான் என்ன? அதற்குத் தேர்தல் பத்திரம் என்று பெயர். 2017 பெப்ரவரி 1 இல் அன்றைய இந்திய நிதியமைச்சர் அருண் ஜெட்லி வரவு செலவுத் திட்ட உரையில் அறிவித்தார். 2018 ஜனவரி 2 இல் திட்டம் அரசிதழில் வந்தது. விற்கும் உரிமை பாரத ஸ்டேட் வங்கிக்கு மட்டும். ஆயிரம், பத்தாயிரம், ஒரு இலட்சம், பத்து இலட்சம், ஒரு கோடி என்று ஐந்து வகை. ஆயுள் வெறும் 15 நாள். அதற்குள் கட்சி வங்கியில் போடாவிட்டால் பணம் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். தாளில் வாங்கியவர் பெயர் கிடையாது. யார் கொடுத்தார் என்று கட்சி எவருக்கும் சொல்லவும் வேண்டாம்!

அதைவிட வியப்பு, அந்தத் திட்டத்துக்கான சட்டத்தோடு சத்தமில்லாமல் உள்ளே வந்த மற்ற மாற்றங்கள்தான். அதற்கு முன் ஒரு கம்பனி தன் மூன்று வருடச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. அந்த வரம்பு எடுக்கப்பட்டது. அப்படியென்றால் நட்டத்தில் ஓடும் கம்பனியும் கொடுக்கலாம்! எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று தன் கணக்கில் காட்டவும் வேண்டியதில்லை. இவ்வளவும் 'பண மசோதா' என்ற முத்திரையோடு வந்ததால் மேல்சபை தடுத்து நிறுத்த வழியே இருக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எச்சரித்தது. தேர்தல் ஆணையமும் 2017 மே மாதத்திலேயே, இது பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சுக்குக் கடிதம் எழுதியது. கேட்டார்களா? கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

சாதாரண மனிதரும் பயமில்லாமல் தனக்குப் பிடித்த கட்சிக்கு உதவலாம் என்றுதான் திட்டத்துக்கு விளம்பரம். விற்ற தொகையில் எந்தத் தாள் அதிகம் தெரியுமா? பெறுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாத் தாள்கள்தான்!

இப்போது கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். இந்தக் கதையிலேயே என்னை வாய் பிளக்க வைத்த இடம் இதுதான். 2018 ஏப்ரலில் 'த க்வின்ட்' செய்தி நிறுவனத்தின் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் வங்கிக்குப் போய் ஆயிரம் ரூபாப் பத்திரங்கள் இரண்டு வாங்கினார். கட்சிக்குக் கொடுக்க அல்ல, பரிசோதிக்க! தடயவியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணால் பார்த்தால் தாளில் அழகான கோலம், பெறுமதி, திகதி, அவ்வளவுதான். புற ஊதா விளக்கைப் பிடித்ததும் தாளின் மேல் மூலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி ஒளிர்ந்தது! இரண்டு தாளிலும் இரண்டு வேறு எண்கள். பெயரே இல்லாத தாளுக்கு எதற்குக் கண்ணுக்குத் தெரியாத இலக்கம்?

கள்ளத்தாள் அடிக்காமல் இருக்க வைத்த பாதுகாப்புக் குறி அது, வாங்குகிறவரோடு அதை வங்கி சேர்த்து எழுதி வைப்பதில்லை என்று நிதியமைச்சு சொன்னது. நல்லது. அந்த எண்ணை மறக்காதீர்கள். ஆறு வருடம் கழித்து அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

வழக்கா? 2017 இலேயே போட்டாயிற்று. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், 'காமன் காஸ்' என்ற அமைப்பு, பிறகு மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, காங்கிரஸைச் சேர்ந்த ஜெயா தாக்கூர் என்று மனுதாரர் வரிசை நீண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? 2019 ஏப்ரல் 12 இல், பொதுத் தேர்தல் வாக்களிப்பு தொடங்கிய மறுநாள், ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. பத்திர விற்பனை தொடரட்டும், கட்சிகள் தங்களுக்கு வந்த விபரத்தை ஒட்டிய உறையில் போட்டுத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கட்டும் என்று. ஒளிந்திருப்பதைக் காட்டுங்கள் என்று கேட்டுப் போன வழக்கில் கிடைத்தது இன்னோர் ஒட்டிய உறை! 2021 மார்ச்சில் தடை கேட்டார்கள், மறுக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் கடைசியில்தான் ஐந்து நீதிபதிகள் அமர்வு முழுமையாகக் கேட்டது. அதற்கிடையில் எத்தனை தேர்தல்கள் போய்விட்டன!

அரசாங்கத்தின் வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் தோற்ற கட்சிக்குக் கொடுத்தவரை வென்ற கட்சி பழி வாங்கும், அதனால் இரகசியம் வேண்டும் என்றார்கள். இது வெறும் சாக்கு இல்லை. 1958 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கொடுக்கத் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பெயர் வெளியானால் வேலை போகும், உயிரும் போகும் என்ற நிலைமை அப்போது. இங்கே தோட்டத்திலோ கிராமத்திலோ எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போனதற்காகச் சில்லறைச் சலுகை ஒன்றை இழந்தவருக்கு இது புரியும். ஆனால் நூறு கோடி கொடுக்கிற கம்பனிக்கும் அந்த ஏழையின் பயத்தையே கவசமாக மாட்டிவிட்டால் எப்படி?

2024 பெப்ரவரி 15. தீர்ப்பு! டி.வை. சந்திரசூட், சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய், ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா. ஐந்து பேரும் ஒரே முடிவு. தேர்தல் பத்திரத் திட்டம் அரசியலமைப்புக்கு முரண்! கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று தெரிந்தால்தான் வாக்காளர் யோசித்து வாக்களிக்க முடியும், அதைத் தெரிந்துகொள்வது பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கிய உரிமை என்றார்கள். கம்பனிகளுக்கு வரம்பில்லாமல் கதவு திறந்ததும் தன்னிச்சையானது என்று ரத்தானது. ஒருவரின் அரசியல் நம்பிக்கைக்கு அந்தரங்கம் உண்டு. கொள்கை மாற்றத்தை விலைக்கு வாங்கக் கொடுக்கிற பணத்துக்கு அந்த அந்தரங்கம் இல்லை என்று கோடு போட்டார்கள்.

அதன் பிறகுதான் கூத்து! மார்ச் 6 க்குள் விபரத்தைக் கொடு என்றது நீதிமன்றம். மார்ச் 4 இல் ஸ்டேட் வங்கி ஓடி வந்தது. ஜூன் 30 வரை தவணை வேண்டுமாம். ஏன்? மொத்தம் 22,217 பத்திரங்கள். வாங்கியவர் விபரம் ஒரு பக்கம், காசாக்கிய கட்சி விபரம் இன்னொரு பக்கம். ஆக 44,434 பதிவுகளை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டுமாம். இந்தியாவின் மிகப் பெரிய வங்கி, கோடிக்கணக்கான வாடிக்கையாளர் கணக்கை ஒவ்வொரு இரவும் சரிபார்க்கிற வங்கி, 22,217 தாளுக்கு நான்கு மாதம் கேட்கிறது! ஜூன் 30 க்கு முன் பொதுத் தேர்தல் முடிந்துவிடும் என்பது தற்செயலாக இருக்கலாம். மார்ச் 11 இல் நீதிமன்றம் மறுத்தது. பொருத்த வேண்டாம், இருப்பதை இருப்பது போலவே நாளைக்குள் கொடு, இல்லாவிட்டால் அவமதிப்பு வழக்கு என்றது. மறுநாளே கொடுத்துவிட்டார்கள்!

மார்ச் 14 இரவு தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எழுநூற்றுச் சொச்சம் பக்கங்கள். ஒரு பட்டியலில் வாங்கியவர்கள், மற்றதில் கட்சிகள். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. எது பாலம்? அந்த எண்! புற ஊதா விளக்கில் ஒளிர்ந்த அதே எண்! மார்ச் 18 இல் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்தது, ஒன்றையும் ஒளிக்காமல் கொடுக்கச் சொன்னது. மார்ச் 21 இல் எண்ணோடு பட்டியல் வெளியானது. வங்கி நான்கு மாதம் கேட்ட வேலையைச் செய்தியாளர்களும் கணினி தெரிந்த இளைஞர்களும் சில மணித்தியாலத்தில் செய்து முடித்தார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தத் திகதியில் கொடுத்தது, எல்லாம் நேருக்கு நேர். சேர்த்து எழுதி வைப்பதில்லை என்று சொன்ன எண், இரண்டு பட்டியலிலும் பத்திரமாக இருந்தது!

பட்டியலின் முதல் பெயரைப் பார்த்ததும் தமிழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தனியொரு நிறுவனமாக அதிகம் வாங்கியது யார் தெரியுமா? கோயம்புத்தூரோடு தொடர்புடைய 'ஃபியூச்சர் கேமிங்'. 1,368 கோடி! அதன் தலைவர் சாந்தியாகோ மார்ட்டின், பர்மாவின் யாங்கோனில் கூலித் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி லொத்தர் சீட்டில் உயர்ந்தவர். அடுத்த இடம் ஹைதராபாத்தின் மேகா எஞ்சினியரிங், 966 கோடி. வாங்கிய கட்சிகளில் முதலிடம் பாரதீய ஜனதாவுக்கு, ஏறத்தாழ 6,060 கோடி. திரிணாமூல் காங்கிரஸ் 1,600 கோடிக்கு மேல், காங்கிரஸ் 1,400 கோடிக்கு மேல்.

திராவிட முன்னேற்றக் கழகம் தனக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி மார்ட்டினின் நிறுவனத்திடமிருந்து வந்தது என்று ஒட்டிய உறையிலேயே பெயரோடு எழுதியிருந்தது. பெயர் சொன்ன கட்சிகள் மிகச் சில, அந்தளவில் பாராட்டலாம். ஆனால் பெயர் சொல்ல முடிந்தது என்றால் பெயர் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? கொடுப்பவர் யாரென்று கட்சிக்கே தெரியாது என்பதுதானே திட்டத்தின் அடிப்படைக் கதை!

கிரிக்கெட் இரசிகர்களே, இது உங்களுக்கு. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்தது வெறும் 6.05 கோடி. அதில் பெரும்பகுதியைக் கொடுத்தது யார்? சென்னை சூப்பர் கிங்ஸ்! ஆம், எங்கள் கண்டிப் பையன், ட்ரினிட்டி கல்லூரியில் படித்த மதீஷ பத்திரன மஞ்சள் சட்டை போட்டுப் பந்து வீசிய அதே அணியின் நிறுவனம். பணம் போனது அவர் அணியில் சேர்வதற்கு முன், 2019 இல். அவரை இதில் இழுக்காதீர்கள்.

பாட்னா உறை என்னாயிற்று என்று கேட்பீர்கள். வெளியிடச் சொன்னது 2019 ஏப்ரல் 12 க்குப் பிந்திய விபரத்தை மட்டும். உறை வந்தது 3 ஆம் திகதி. பணமாக்கியது 10 ஆம் திகதி. இரண்டே நாள் வித்தியாசத்தில் தப்பிவிட்டது! அதற்கு முந்திய விற்பனையையும் வெளியிடச் சொல்லி ஒரு மனு போனது. அதுவும் தள்ளுபடி. ஆக 2018 மார்ச் முதல் அந்தத் திகதி வரையான ஓராண்டுக்கு மேற்பட்ட விற்பனையில் பெரும்பகுதி இன்றைக்கும் இருட்டில்தான்.

உலகத்தில் வேறு எங்கும் இப்படி நடக்கவில்லையா? நடந்திருக்கிறது! ஜெர்மனியை ஒன்றாக்கிய தலைவர் ஹெல்முட் கோல், ஏறத்தாழ 20 இலட்சம் மார்க் நன்கொடையைக் கணக்கில் காட்டாமல் வாங்கியதை 1999 இல் ஒப்புக்கொண்டார். யார் கொடுத்தது? சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். சட்டம் பெயரைச் சொல் என்கிறது, நாட்டை 16 வருடம் ஆண்டவர் என் வாக்குத்தான் பெரிது என்கிறார்! கட்சியின் கௌரவத் தலைவர் பதவி போனது, 3 இலட்சம் மார்க் கட்டி விசாரணையை முடித்துக்கொண்டார், 2017 இல் இறந்தும் போனார். பெயர் வரவேயில்லை.

சிலி நாட்டில் இதையே அரசாங்கமே முறையாகச் செய்தது. 2003 முதல், நன்கொடையைத் தேர்தல் அலுவலகத்தில் கட்டினால் அது பெயரை மறைத்து வேட்பாளருக்கு அனுப்பும். கொடுத்தவர் யாரென்று வேட்பாளருக்குத் தெரியாவிட்டால் அவர் கைமாறு செய்ய முடியாது என்ற கணக்கு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கொடுத்தவரே தொலைபேசியில் கூப்பிட்டு 'நான்தான் போட்டேன்' என்று சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்? ஊழல்கள் வெடித்து 2016 இல் அந்த முறையை ஒழித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் இந்தியா தேர்தல் பத்திரத்தை அறிவிக்கிறது! தென்னாபிரிக்கா நேர்மாறு. கட்சிக்கு யார் கொடுக்கிறார் என்று தெரிவது வாக்குரிமையின் ஒரு பகுதி என்று 2018 ஜூனில் அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. சட்டமும் வந்துவிட்டது.

சரி, இலங்கை? எங்களிடம் பத்திரமும் இருக்கவில்லை, புற ஊதா விளக்கும் தேவைப்படவில்லை. ஏனென்றால் நீண்ட காலமாகக் கேட்கிற சட்டமே இருக்கவில்லை! ஆனால் அதற்கு முன்னால் இருந்தது, தெரியுமா? சுதந்திரத்துக்கு முந்திய 1946 ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளையில் வேட்பாளரின் செலவுக்கு உச்ச வரம்பு இருந்தது, செலவுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். விகிதாசார முறையோடு வந்த 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது காணாமல் போனது. நாற்பது வருடம்!

அந்தப் பழைய காலத்தில் தேர்தல் மனுவுக்கு எவ்வளவு பல் இருந்தது என்று காட்டத் தூரப் போக வேண்டாம். எங்கள் கண்டித் தொகுதியே போதும். 1947 இல் வென்றவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா. சாதாரண ஆளா? முதலாவது அமைச்சரவையின் அமைச்சர், நகரத்தில் அவர் பெயரில் பூங்காவே இருக்கிறது. தேர்தல் மனுவில் அவர் ஆசனம் போனது. 1948 இடைத்தேர்தலில் வென்றவர் டி.பி. இலங்கரத்ன. அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவராக இருந்து, 1947 பொது வேலைநிறுத்தத்தில், கந்தசாமி சுட்டுக் கொல்லப்பட்ட அதே வேலைநிறுத்தத்தில், வேலையை இழந்தவர். அவர் மீதும் தேர்தல் மனு. அவர் ஆசனமும் போனது! 1949 இல் மறுபடி இடைத்தேர்தல். இந்த முறை நின்று வென்றவர் யார்? அவருடைய மனைவி தமரா குமாரி! ஒரே தொகுதியில் இரண்டு வருடத்துக்குள் மூன்று உறுப்பினர்கள், இரண்டு பேரை நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. இலங்கரத்ன அதோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் தொழில் அமைச்சராகி 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான். சம்பளச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் பார்க்கிற அந்த ஈ.பி.எஃப். வரிக்குப் பின்னால் ஆசனம் பறிபோன ஒரு கண்டிக்காரர் இருக்கிறார். சிங்களத்தில் 'அம்பயாளுவோ' என்ற சிறுவர் நாவலை எழுதியவரும் அவரே!

சட்டம் இல்லாத நாற்பது வருடத்தில் என்ன நடந்தது? மத்திய வங்கி பிணைமுறி விவகாரத்தில் சிக்கிய நிறுவனக் குழுமத்தோடு தொடர்புடைய கம்பனி ஒன்றிடமிருந்து 2015 தேர்தலுக்குப் பத்து இலட்சம் ரூபாக் காசோலை வந்ததை 2018 இல் பாராளுமன்ற உறுப்பினர் தயாசிறி ஜயசேகர ஒப்புக்கொண்டார். தேர்தல் நன்கொடைதான் என்றார். அன்றைய சட்டப்படி அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை! அதே 2018 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் இன்னொரு குண்டைப் போட்டது. 2015 ஜனாதிபதித் தேர்தலின்போது சீனத் துறைமுக நிறுவனமொன்றின் கணக்கிலிருந்து 76 இலட்சம் டொலர் மஹிந்த ராஜபக்ஷவின் பிரசாரத்தோடு தொடர்புடையவர்களுக்குப் போனதாக எழுதியது. அவர் மறுத்தார்.

சில் துணி வழக்கு ஞாபகமிருக்கிறதா? அதே 2015 தேர்தல் காலத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவில் பௌத்தர்களுக்கு வெள்ளைத் துணி பகிர்ந்த விவகாரம். 2017 செப்டெம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் அன்றைய ஜனாதிபதியின் செயலாளராக இருந்த லலித் வீரதுங்க, அந்த ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகமாக இருந்த அனுஷ பெல்பிட்ட இருவருக்கும் மூன்று வருடச் சிறை விதித்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

கடைசியில் 2023 ஜனவரியில் வந்தது தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், அந்த ஆண்டின் 3 ஆம் இலக்கம். பெயர் வெளியிடாதவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. அரச நிறுவனத்திடம் கூடாது, வெளிநாட்டு அரசிடமும் கூடாது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவும் செலவும் ஒப்படைக்க வேண்டும். இந்தியா பெயரை மறைக்கச் சட்டம் போட்டு நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த அதே காலத்தில், நாங்கள் பெயர் இல்லாத பணத்தை எழுத்தில் தடுத்துவிட்டோம்!

சட்டம் வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை. காசில்லையாம்! வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சட்டம் தயார், தேர்தல் நடத்தத் திறைசேரியில் பணம் இல்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்டி மாநகர சபை வாக்காளர் கையில் மை பட 2025 மே 6 ஆக வேண்டியிருந்தது.

ஆகவே புதிய சட்டம் முதன்முதலில் சோதிக்கப்பட்டது 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில். உங்கள் ஒரு வாக்குக்கு ஒரு வேட்பாளர் அப்போது எவ்வளவு செலவழிக்க முடிந்தது தெரியுமா? 109 ரூபா! மஹய்யாவ தேநீர்க்கடையில் ஒரு பிளேன்டீயும் வடையும் வந்திருக்கும். சிரிக்காதீர்கள், பெருக்கிப் பாருங்கள். வாக்காளர் 17,140,354 பேர். ஆளுக்கு 109 என்றால் 186 கோடி 82 இலட்சத்துக்கு மேல்! அதில் 60 சதவீதத்தை வேட்பாளரும் 40 சதவீதத்தைக் கட்சிச் செயலாளரும் செலவழிக்க முடிந்தது. அந்தத் தேர்தலின் கணக்குக்குக் கடைசி நாள் ஒக்டோபர் 13. கொடுக்காதவர்கள் மேல் பொலிஸ் முறைப்பாடு. நவம்பர் பொதுத் தேர்தலுக்குப் பிறகும் இதே கதை. கணக்குக் கொடுக்காத வேட்பாளர்கள் நீதவான் நீதிமன்றப் படி ஏறினார்கள், அபராதம் கட்டினார்கள். பெரிய கட்சிகளின் பெரிய பணத்தைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் மாட்டியது, படிவம் நிரப்பத் தெரியாத சின்ன மீன்கள்! வரவுப் பக்கத்தில் எழுதிய பெயர் உண்மையா என்று தோண்டிப் பார்க்கிற அளவுக்கு ஆணைக்குழுவிடம் ஆளும் அதிகாரமும் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

ஒரு சின்ன விஷயம். தேர்தல் சுவரொட்டியின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும், சட்டப்படி இருக்க வேண்டும். அச்சடித்தவரைப் பிடித்துவிடலாம். அந்தத் தாளுக்கும் பசைக்கும் காசு கொடுத்தவர்? அவர் சுவரில் இல்லை. தேர்தல் முடிந்து கட்டுகஸ்தோட்டை வீதியெங்கும் கிழிந்து தொங்குகிறதைக் கூட்டி அள்ளுகிறவர்கள் எங்கள் மஹய்யாவவின் மாநகர சபைத் தொழிலாளர்கள். அந்தக் கூலி எந்த வேட்பாளரின் செலவுப் படிவத்திலும் ஒரு வரியாக வராது!

சட்டத்தின் ஓட்டை எங்கே? தேர்தல் காலத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. இடைப்பட்ட வருடங்களில் கட்சி அலுவலகத்துக்கு வருகிற பணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாமே என்று நினைப்பீர்கள். 2016 ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நல்ல ஆயுதம்தான். பத்திரிகையாளர் சாமர சம்பத் 2018 இல் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். சொத்து விபரம் ஒப்படைத்த பாராளுமன்ற உறுப்பினர்கள் யார், பெயர்ப் பட்டியல் தாருங்கள், அவ்வளவுதான். சொத்தைக்கூடக் கேட்கவில்லை! பாராளுமன்றம் மறுத்தது. தகவல் உரிமை ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. பாராளுமன்றம் மேன்முறையீடு போனது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஐந்து வருடம்! ஆனால் அந்தச் சட்டம் கேள்வி கேட்பது பகிரங்க அதிகாரசபைகளைத்தான். கட்சிகள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இந்தியாவில் சேர்த்துப் பார்த்தார்கள், தெரியுமா? 2013 ஜூன் 3 இல் மத்திய தகவல் ஆணையம் அதிரடியாக ஓர் உத்தரவு போட்டது. பாரதீய ஜனதா, காங்கிரஸ், மார்க்சிஸ்ட், இந்தியக் கம்யூனிஸ்ட், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும், தகவல் அதிகாரியை நியமித்து மக்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள் என்று. பாராளுமன்றத்தில் ஒன்றோடொன்று முகம் பார்க்காத ஆறு கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் தோளோடு தோள் நின்றன. ஒரு கட்சிகூட உத்தரவை நிறைவேற்றவில்லை! தேர்தல் பத்திரத்தில் ஒரு ரூபாவும் வாங்க மாட்டோம் என்று மறுத்து, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றதே மார்க்சிஸ்ட் கட்சி, அதுவும் இந்த உத்தரவை எதிர்த்தது! இதை நிறைவேற்றச் சொல்லி 2015 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களும் அதே ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தினர்தான். தேர்தல் பத்திர வழக்குக்கு இரண்டு வருடம் முன்னால் போட்டது.